மருந்துப் பரிசோதனையில் சேர்வதா, வேண்டாமா?

(வட்டார வளர்ச்சி அதிகாரி, ஆரணி)

ஆரணி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் சில மாதங்களுக்கு முன் கிராம சபை கூடிற்று. குடிநீர்க் குழாய், தெரு விளக்கு, பள்ளிக் கட்டடம் முதலிய விஷயங்கள் பேசி முடிந்தபின், முதியவரான பட்டு நெசவாளர் ஒருவர் எழுந்தார். சர்க்கரை நோய்க்காக நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போய் வருபவர் அவர். அங்கே புதிய மருந்து ஒன்றைப் பரிசோதித்து வருவதாகவும், அதில் சேர விருப்பமானால் கையொப்பமிட வேண்டுமென்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து, வீட்டாருடன் கலந்து பேசி வரச் சொன்னதாகவும் அவர் தெரிவித்தார். "தலைவரே, இந்தக் காகிதம் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் போடச் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன், வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

கூட்டத்திலிருந்து இரண்டு குரல்கள் எழுந்தன. "எலிக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்கிறார்கள், போகாதே" என்றது ஒன்று. "மருந்து இலவசம், பெரிய டாக்டர்கள் பார்ப்பார்கள், போட்டுவிடு" என்றது மற்றொன்று. தலைவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் அந்தக் காகிதக் கட்டைப் பார்த்தோம். தக்க விடை கூற அன்று நம்மால் இயலவில்லை. பின்னர் விஷயம் அறிந்தவர்களைக் கேட்டும், சட்ட விதிகளைப் படித்தும் தெரிந்துகொண்டதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிய இங்கே எழுதுகிறோம். கூட்டத்தில் எழுந்த அவ்விரண்டு குரல்களுமே தவறானவை என்பதே நாம் முதலில் கற்ற பாடம்.

பரிசோதனை ஏன் வேண்டும்?

ஆரணியில் சாயம் தோய்ப்பவர் புதிய சாயம் ஒன்று கைக்கு வந்தால் இருப்பிலுள்ள பட்டு முழுவதையும் அதில் இறக்கிவிடுவதில்லை. ஒரு சிட்டத்தைத் தோய்த்து, உலர்த்தி, தண்ணீரில் அலசி, சாயம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைத் தோய்க்கிறார். விவசாயியும் அவ்வாறே. புதிய நெல் விதை வந்தால் ஒரு துண்டு நிலத்தில் அதையும், பக்கத்துத் துண்டில் பழைய விதையையும் விதைத்து, இரண்டுக்கும் ஒரே தண்ணீரும் ஒரே எருவும் இட்டு, அறுவடையில் மரக்காலால் அளந்து பார்க்கிறார்.

மருந்துக்கும் இதுவே வழி. புதிய மருந்து முதலில் ஆய்வுக் கூடத்திலும் விலங்குகளிடத்திலும் சோதிக்கப்படுகிறது. பின்னர் மனிதரில் சிலருக்கு மட்டும் கொடுத்து, உடம்பு அதைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்த கட்டத்தில் நோயாளிகள் சில நூறு பேருக்குக் கொடுத்து, நோய்க்குப் பயன்படுகிறதா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று காண்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில் பல நூறு அல்லது பல ஆயிரம் பேரிடம் வழக்கமான மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விற்பனைக்கு வந்த பின்னும் கண்காணிப்பு தொடர்கிறது. இதனை நான்காம் கட்டம் என்பர். நம்மிடம் வரும் பரிசோதனை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்பது நலம். முதற் கட்டத்தில் தெரியாதவை மிகுதி; மூன்றாம் கட்டத்தில் ஓரளவு தெரிந்திருக்கும்.

குலுக்கல் முறை

புதிய விதையைக் கிணற்றடி நிலத்திலும், பழைய விதையை மேட்டு நிலத்திலும் விதைத்துவிட்டுப் புதியதே மேல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதுபோலவே உடல் தேறியவர்களுக்குப் புதிய மருந்தையும், நலிந்தவர்களுக்குப் பழைய மருந்தையும் கொடுத்தால் உண்மை வெளிப்படாது. ஆகையால் யாருக்கு எது என்பதை வைத்தியர் தெரிந்தெடுப்பதில்லை. குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். இது நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டிலேயே, பராந்தகச் சோழன் காலத்தில், ஊர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த விதத்தை உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறுகிறது. யாருடைய விருப்பு வெறுப்பும் நுழையாதிருக்க நம் முன்னோர் கண்ட வழியே இங்கும் பயன்படுகிறது.

பல பரிசோதனைகளில் யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைக் கவனிக்கும் டாக்டருக்கும் தெரியாது. சிலவற்றில் ஒரு சாராருக்கு மருந்துச் சத்து இல்லாத போலி மாத்திரையும் தரப்படலாம். "புதிய மருந்து எனக்குக் கிடைக்கும்" என்று எண்ணிச் சேருபவர் இதனை முன்னதாகவே உணர வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்த புதிய மருந்து பழையதைவிடத் தாழ்ந்ததாகவும் இருக்கலாம். எது மேலென்று முன்பே தெரிந்திருந்தால் பரிசோதனையே வேண்டியதில்லை.

இங்கே முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. வழக்கமான சிகிச்சையில் டாக்டரின் நோக்கம் நம்மைக் குணப்படுத்துவது ஒன்றே. பரிசோதனையில் அவருக்கு இரண்டாவது நோக்கமும் உண்டு. ஒரு கேள்விக்கு விடை காண்பதே அது. அவ்விடையின் பயன் பெரும்பாலும் பின்னால் வரும் நோயாளிகளையே சேரும். இதனை அறிந்து சேருவது உதவி. அறியாது சேருவது ஏமாற்றம்.

நம் நாட்டில் கண்ட பயன்

1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அதை நடத்தின. காசநோய் கண்டவரை சானடோரியத்தில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்பது அக்காலத்துக் கொள்கை. ஆனால் நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா என்பதே கேள்வி.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறு பிரிவினர் தம் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்தான உணவும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆயினும் ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களுள் 92 சதவிகிதத்தினரும், வீட்டில் இருந்தவர்களுள் 86 சதவிகிதத்தினரும் நோய் அடங்கப் பெற்றனர். வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரை பெற்று, வீட்டிலிருந்தே குணமடைபவர் ஒவ்வொருவரும் அந்த 193 பேருக்குக் கடமைப்பட்டவர்.

நமக்கு இன்னும் அருகிலுள்ள உதாரணம் வேலூர். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா கிருமிக்கு இந்தியாவிலேயே செய்யப்பெற்ற சொட்டு மருந்து 2011 முதல் டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சோதிக்கப்பட்டது. 6,799 பச்சிளங் குழந்தைகளின் பெற்றோர் இசைந்தனர். குலுக்கல் முறையில் மூவரில் இருவருக்கு மருந்தும், ஒருவருக்குப் போலிச் சொட்டும் தரப்பட்டன. ரோட்டா கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கு மருந்து பெற்ற குழந்தைகளிடையே பாதிக்கு மேல் குறைந்தது. 2014-ல் அம்மருந்துக்கு உரிமம் கிடைத்தது. 2017-ல் தமிழ்நாட்டிலும் ரோட்டா தடுப்பு மருந்து அரசினர் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

எல்லாப் பரிசோதனையும் இவ்வாறு முடிவதில்லை. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், 1968 முதல் 1971 வரை பி.சி.ஜி. தடுப்பூசி போட்டு, அதன் பலன் சோதிக்கப்பட்டது. இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் பங்குகொண்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவாயிற்று. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளை அது தடுப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது. "பயனில்லை" என்பதும் பயனுள்ள விடையே. ஆனால் சேருகிறவர் அதற்கும் மனத்தைத் தயாராக்கிக்கொள்ள வேண்டும்.

கையொப்பம் யாருடையது?

இனி, பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம்.

2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்துக் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 10 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகள் ஆயிரக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. செயல்விளக்கத் திட்டம் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். அவர்களுள் ஏழு சிறுமியர் இறந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்று விசாரணைக் குழு கூறிற்று. அத்தடுப்பூசி பல நாடுகளில் பழக்கத்தில் உள்ளதே. ஆனால் சம்மதம் பெற்ற முறை பெருங்குறை உடையதாயிருந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களுள் 2,763 படிவங்களில் கையொப்பமிட்டவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள் என்பதைப் பாராளுமன்றக் குழு 2013-ல் எடுத்துக்காட்டிற்று. எங்கோ மலைப்பகுதியில் கூலி வேலை செய்துகொண்டிருந்த தாய்க்குத் தன் மகளுக்கு ஊசி போட்டதே தெரியாது எனில், பிறகு எந்த விசாரணை முடிவைச் சொன்னாலும் அவள் மனம் ஆறுமா?

விடுதிக் காப்பாளர் செய்த அதே தவற்றை ஊர்த் தலைவரும் நல்லெண்ணத்தாலேயே செய்துவிடக் கூடும். "நம் ஊர் மக்கள் நம் பேச்சைத் தட்டமாட்டார்கள்" என்று அவர் வாக்களித்துவிடலாம். ஊருக்குள் வந்து ஆராய்ச்சி செய்வோர் ஊர்த் தலைவரின் அனுமதியைக் கேட்பது முறையே. ஆனால் அவ்வனுமதி ஊருக்குள் வருவதற்கு மட்டுமே. ஒவ்வொருவருடைய சொந்தச் சம்மதத்திற்கு அது ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. கணவன் மனைவிக்காகக் கையொப்பமிட இயலாது. சுயமாக முடிவு செய்யவல்ல தந்தைக்காக மகன் இட இயலாது. சிறு குழந்தைக்கு மட்டுமே பெற்றோர் இடலாம். ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால் அதன் இசைவையும் கேட்க வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2019 மார்ச்சு மாதம் மத்திய அரசாங்கம் வெளியிட்ட புதிய மருந்துகள், மருந்துப் பரிசோதனைகள் பற்றிய விதிகள் நமக்குச் சில உரிமைகளை அளிக்கின்றன.

பரிசோதனைகள் நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் பெற்றே நடைபெற வேண்டும். குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பர். அவர்களுள் ஒரு பெண்மணியும், ஒரு சட்ட நிபுணரும், டாக்டரல்லாத சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்.

சம்மதப் பத்திரம் சேருபவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். அதன் பிரதி ஒன்று அவரிடம் தரப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரானால், பரிசோதனையோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதையும் உடனிருந்து கேட்ட பிறகே கைநாட்டுப் பெற வேண்டும். முற்றிலும் புதிய மருந்துகளில், எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக் கூடியவர்களிடம் சம்மதம் பெறும்போது, அதனை ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும்.

சேர்ந்த பின்னும் எந்த நாளிலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கலாகாது. ஆனால் மருந்தைத் திடீரென நிறுத்துவதால் உடலுக்குத் தீங்கு நேரக் கூடுமாதலால், விலகுமுன் டாக்டரிடம் தெரிவிப்பது அறிவுடைமை.

பரிசோதனையில் இருக்கும்போது உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தரப்பட வேண்டும். தீங்குக்குக் காரணம் பரிசோதனை அன்று என்று நிலைநாட்டப்படும் வரையிலேனும் அது தொடர வேண்டும். பரிசோதனையே காரணம் என்று முடிவானால் நஷ்ட ஈடும் உண்டு. மரணம் நேர்ந்தால் வாரிசுகளுக்குரிய தொகை, 8 லட்சம் ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதையும் முன்பே இருந்த நோயின் கடுமையையும் கருதிக் கணக்கிடப்படுகிறது.

மேலும், இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் மத்தியப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட வேண்டும். 2007-ல் தொடங்கிய இப்பதிவு 2009 முதல் கட்டாயமாயிற்று. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினால், பள்ளி ஆசிரியரோ கல்லூரி மாணவரோ கணிப்பொறியில் விவரத்தைப் பார்த்துச் சொல்லக் கூடும்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

கையொப்பமிடுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, விடை விளங்கும் வரை விடாமல் கேட்க வேண்டும்.

1. எதைப் பரிசோதிக்கிறீர்கள்? இதற்கு முன் மனிதர்களுக்குக் கொடுத்ததுண்டா? எத்தனை பேருக்கு?

2. நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?

3. குலுக்கலில் எனக்கு எவையெவை வரக் கூடும்? போலி மாத்திரை உண்டா?

4. எத்தனை மாதம்? எத்தனை முறை வர வேண்டும்? எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள்? பஸ் செலவு யாருடையது?

5. என்ன தீங்கு நேரக் கூடும்? நள்ளிரவில் நேர்ந்தால் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்?

6. பரிசோதனை முடிந்த பிறகு, அம்மருந்து எனக்கு நன்மை செய்திருந்தால், தொடர்ந்து கிடைக்குமா?

7. பதிவு எண் யாது? நெறிமுறைக் குழுவை எவ்வாறு அணுகலாம்?

"நாளைக்குள் போட வேண்டும்" என்று அவசரப்படுத்தினாலோ, "தீங்கே வராது" என்று உறுதி கூறினாலோ, பத்திரத்தின் பிரதியைத் தர மறுத்தாலோ கையொப்பமிடாதிருப்பதே நன்று.

பஞ்சாயத்து செய்யத் தக்கதும் தகாததும்

ஆராய்ச்சியாளர் ஊருக்கு வந்தால் அவர்களை வரவேற்றுக் கூட்டம் கூட்டலாம். அவர்கள் தமிழில் விளக்கவும், மக்கள் கேள்வி கேட்கவும் வசதி செய்யலாம். ஆண்கள் நடுவில் வாய் திறக்கத் தயங்கும் பெண்களுக்குத் தனிக் கூட்டம் ஏற்பாடு செய்யலாம். கிராம சுகாதார செவிலியரை உடன் இருக்கச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்ல நடுநிலையாளர் ஒருவரைத் தேடித் தரலாம்.

இத்தனை பேரைச் சேர்த்துத் தருகிறோம் என்று வாக்களிக்கக் கூடாது. அதற்காகப் பொருளோ புகழோ பெறக் கூடாது. ரேஷன் அட்டை, வீட்டு வசதி, முதியோர் உதவித் தொகை ஆகியவற்றை இதனோடு முடிச்சுப் போட எவரையும் விடக் கூடாது. நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. தறிக்காரர் பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள். கடன் கொடுத்தவர் எதிரே நின்று "சேர்ந்துகொள்" என்றால், "மாட்டேன்" என்று சொல்ல அவர்களுக்கு நா எழாது. ஆகையால் சம்மதம் கேட்கும் இடத்தில் முதலாளியோ, நிலச் சொந்தக்காரரோ, தலைவரோ இல்லாதிருப்பது நலம். மறுக்க முடியாத இடத்தில் பெற்ற சம்மதம் சம்மதமே அன்று.

நெசவாளரின் முடிவு

கிராம சபையில் எழுந்த முதியவரைச் சில வாரங்களுக்குப் பின் அவருடைய வீட்டிலேயே கண்டோம். குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். பள்ளியில் படிக்கும் பேத்தி அந்தக் காகிதக் கட்டு முழுவதையும் இரண்டு மாலைகளில் படித்துக் காட்டியிருந்தாள். மேற்சொன்ன கேள்விகளையும் அவர் மருத்துவமனையில் கேட்டுவிட்டார். ஓராண்டில் பதினான்கு முறை போக வேண்டும். பஸ் செலவு தருவார்கள். ஆனால் போகும் நாளெல்லாம் தறி நின்றுவிடும். இப்போது சாப்பிடும் மாத்திரையிலேயே நோய் கட்டுக்குள் இருக்கிறது. "எனக்கு இது ஒத்துவராது, ஐயா. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்" என்றார்.

அதே தெருவில் மற்றொருவர் அதே பரிசோதனையில் சேர்ந்திருக்கிறார். பழைய மாத்திரை அவருக்குப் போதவில்லை. தறி வேலையை மகன் பார்த்துக்கொள்கிறான். "நமக்குப் பயன்படாவிட்டாலும் நாளைக்கு என் பிள்ளைகளுக்கு உதவுமே" என்றார் அவர். இருவர் செய்ததும் சரியே. இருவரும் கேட்டு, விளங்கிக்கொண்டு, தாமே முடிவு செய்தார்கள்.

அன்று கிராம சபையில் தலைவர் சொல்லியிருக்க வேண்டிய விடை இப்போது நமக்குத் தெரிகிறது: "பெரியவரே, போடு என்றும் சொல்லமாட்டேன், போடாதே என்றும் சொல்லமாட்டேன். காகிதத்தைப் படித்துக் காட்ட ஆள் தருகிறேன். கேள்வி கேட்கத் துணை வருகிறேன். முடிவு உங்களுடையது." இவ்விடையைச் சொல்லக் கூடிய தலைவர் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருப்பாரானால், ஆராய்ச்சியும் வளரும், மக்களும் ஏமாறமாட்டார்கள்.